நாலு வருஷம் ஆன போன்: பேட்டரி மாற்றினால் போதுமா, புதுசே வாங்கணுமா?

வண்டிப்பெரியாறிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான். 2021 கடைசியில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய 5ஜி போன். டைமென்சிட்டி 700 சிப், 6 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ், 5000 எம்ஏஎச் பேட்டரி. காலையில் 100 காட்டும் சார்ஜ், மதியம் ஏலக்காய் ஸ்டோரில் இருக்கும்போதே 20-க்கு வந்துவிடுகிறது. சில நாள் 18-ல் அப்படியே அணைந்தும் போகிறது. குமுளிக்கும் கம்பத்துக்கும் தினமும் பைக்கில் போய்வருகிறீர்கள். கடைக்காரர் "பேட்டரி மாத்துறது தண்டச் செலவு, நாலு தலைமுறை தாண்டிப்போச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார். வருஷா வருஷம் வரும் மாடல்கள் உண்மையிலேயே முன்னேற்றம்தானா, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது சரி என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: புது போன் எவ்வளவு மேல் என்பது ஒன்று, உங்கள் போனுக்கு என்ன ஆயிற்று என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதையும் முடித்துவிட்டார் கடைக்காரர். நான் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சிப். உங்கள் டைமென்சிட்டி 700-க்குள் இருப்பது எட்டு கோர், அதாவது கணக்குப் போடும் எட்டு பகுதி: வேகமான கார்டெக்ஸ் ஏ76 இரண்டு, மெதுவான ஏ55 ஆறு. 7 நானோமீட்டர் தயாரிப்பு (இந்த எண் சிறிதானால் பொதுவாக மின்செலவு குறையும்). ஏ76 என்பது ஆர்ம் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வடிவம், ஏ55 அதற்கும் ஒரு வருஷம் முந்தியது. 2023-ல் இதே சிப்தான் டைமென்சிட்டி 6020 என்ற பெயரில் மறுபடி வந்தது. 2024-ல் வந்த டைமென்சிட்டி 6300-ஐப் பாருங்கள்: அதே இரண்டு ஏ76, அதே ஆறு ஏ55, 6 நானோமீட்டர், வேகமான கோர் 2.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு ஏறியிருக்கிறது. அவ்வளவுதான். நீங்கள் பட்ஜெட் மாற்றாமல் அதே பதினைந்தாயிரத்தோடு கடைக்குப் போனால், கையில் கிடைப்பது பல மாடல்களில் இந்த ரகம்தான். நாலு தலைமுறை தாண்டியது பெட்டியின் மேல் இருக்கும் எண். உள்ளே இருக்கும் கோர் நகரவே இல்லை. புதுசு முதல் மாதம் பறப்பது போலத் தெரிவதற்குக் காரணம், காலியான ஸ்டோரேஜும் புது பேட்டரியும்.

மேல் விலையில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் கோர் வடிவம் மாறுகிறது, தயாரிப்பு நுட்பமும் மாறுகிறது. ஆனால் அந்த முன்னேற்றத்தின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 7 நானோமீட்டரிலிருந்து 5-க்குப் போனபோது சிப் தயாரித்துத் தரும் டிஎஸ்எம்சி நிறுவனம் சொன்ன கணக்கு: அதே மின்செலவில் 15 சதவீதம் கூடுதல் வேகம், அல்லது அதே வேகத்தில் 30 சதவீதம் மின்சார மிச்சம். இரண்டில் ஒன்றுதான். விளம்பரத்தில் வேகத்தைக் காட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது மிச்சம். தயாரிப்பு யாருடையது என்பதும் பெரிய வித்தியாசம் தரும். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங்கின் 4 நானோமீட்டரில் செய்யப்பட்டு சூட்டுக்குப் பெயர் வாங்கியது. அதே வடிவத்தை 2022-ல் டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டருக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று விட்டதும் சூடு தணிந்தது. நானோமீட்டர் எண் ஒன்றே, நடத்தை வேறு. சில நேரம் புதுசு பின்னோக்கியும் போகும்: 2020-ன் ஸ்னாப்டிராகன் 690-ல் 4கே வீடியோ எடுக்க முடியும், அடுத்து வந்த 695-ல் முடியாது.

ஸ்டோரேஜ்தான் அன்றாடம் கையில் தட்டுப்படுகிற பாகம். பழைய மலிவு போன்களில் இருந்த இஎம்எம்சி 5.1 என்ற ஸ்டோரேஜ் ரகத்தின் உச்சமே நொடிக்கு 400 எம்பி, அதுவும் ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். வேகமான ரகமான யுஎஃப்எஸ் 2.2 இரண்டையும் சேர்த்தே செய்யும், ஆயிரம் எம்பி அளவுக்குப் படிக்கும். 3.1 ஏறக்குறைய இரண்டாயிரம், 4.0 நாலாயிரம். இஎம்எம்சியிலிருந்து யுஎஃப்எஸ் 2.2-க்கு வருகிறவர் முதல் நாளே வித்தியாசத்தை உணர்வார். 2.2-லிருந்து 3.1-க்கு வருகிறவர் ஆப் அப்டேட் ஆகும்போது மட்டும் உணர்வார். உங்கள் சிப்போடு வருவது பொதுவாக யுஎஃப்எஸ்தான், அதனால் அங்கே அவசரம் இல்லை. ஆனால் 128 ஜிபியில் 115 நிறைந்திருந்தால் எந்த ஸ்டோரேஜும் திணறும். புதிதாக எழுத காலி இடம் தேடி, பழையதை அழித்து, நகர்த்தி என்று உள்ளே வேலை கூடிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஏல விலைப் படங்களும் குட்மார்னிங் வீடியோக்களும் நாலு வருஷமாகக் குவிந்திருக்கும். 20 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கும்படி கழித்துவிடுங்கள். புது போன் பெட்டியில் "8+8 ஜிபி ராம்" என்று இருந்தால் பின்னால் வரும் 8, ஸ்டோரேஜில் ஒதுக்கிய இடம். ராமின் வேகம் அதற்குக் கிடையாது. உங்கள் போனிலும் அந்த வசதி இருந்தால் அணைத்துவிடலாம்.

ஏலக்காய் சாம்பிளைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னீர்கள், அதனால் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. 2021 மலிவு போன்களில் இருந்த 48 மெகாபிக்சல் சென்சார்களில் பெரும்பாலும் ஒரு பிக்சல் 0.8 மைக்ரான். இன்று அதே விலையில் வரும் பல 50 மெகாபிக்சல் சென்சார்களில் ஒரு பிக்சல் 0.64 மைக்ரான். பெருக்கிப் பாருங்கள்: பழையது சுமார் 31 சதுர மில்லிமீட்டர், புதியது சுமார் 20. அதாவது வெளிச்சம் வாங்கும் பரப்பு மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருக்கிறது, எண் மட்டும் இரண்டு கூடியிருக்கிறது. பின்னால் மென்பொருள் தேறியிருப்பதால் பகல் படம் பளிச்சென்று வரும். ஸ்டோருக்குள் டியூப்லைட்டில் எடுத்தால் குட்டு வெளிப்படும். 1/1.56 அங்குலம் அளவுள்ள, ஒரு மைக்ரான் பிக்சலுள்ள 50 மெகாபிக்சல் சென்சார், அதோடு ஓஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுகட்ட லென்ஸே நகரும் வசதி) இருந்தால்தான் அதை ஏற்றம் என்பேன். 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா எதற்கும் உதவாது. எட்டு மில்லிமீட்டர் காயின் பச்சையும் பருமனும் தெரிய, மெயின் கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஸ்டோர் வாசலில் நிழல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் மேல் காயைப் பரப்பி எடுங்கள். தாள் பக்கத்தில் இருந்தால் போன் வெள்ளையைச் சரியாகப் பிடிக்கும், பச்சை தானாக உண்மைக்கு வரும். இன்னொன்று: ஓஐஎஸ் உள்ள போனை பைக் ஹேண்டில்பாரில் மாட்டி மலைப்பாதையில் ஓட்டாதீர்கள். அந்த லென்ஸ் காந்தத்தில் மிதக்கும் பாகம். பெரிய பைக்குகளின் அதிர்வு அதைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது.

இப்போது உங்கள் போனுக்கு என்ன ஆயிற்று என்பது. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் நாலு வருஷத்தில் ஏறக்குறைய 1,400 சைக்கிள் ஓடியிருக்கும். அந்தக் காலத்துப் பேட்டரிகள் 500 முதல் 800 சைக்கிளில் 80 சதவீதத்துக்கு இறங்கும்படி செய்யப்பட்டவை. ஆகவே அது தன் ஆயுளைத் தாண்டிவிட்டது என்பது உறுதி. கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள்தடையும் ஏறுகிறது. கேமரா திறக்கும் நொடியில், டவர் தேடும் நொடியில் போன் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். பழைய பேட்டரியில் அப்போது வோல்டேஜ் சரிந்துவிடும். 18 காட்டிக்கொண்டிருந்த போன் அணைவது அதனால்தான். பேட்டரி தளர்ந்தால் போனே மெதுவாகத் தெரியலாம் என்பதற்கும் சாட்சி உண்டு. பழைய பேட்டரி உள்ள ஐபோன் 6, 6எஸ், 7 போன்றவற்றின் வேகத்தை மென்பொருள் குறைக்கிறது என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி மாற்றியதும் அந்தப் போன்கள் பழைய வேகத்துக்கு வந்தன.

ஆனால் உங்கள் ஊரில் முழுப் பழியையும் பேட்டரி மேல் போட முடியாது. லோயர் கேம்ப் தாண்டி குமுளி ஏறும் பாதையில் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்து டவரும் கேரள வட்டத்து டவரும் மாறி மாறிக் கிடைக்கும், நடுவில் காட்டில் எதுவும் இருக்காது. டவர் பக்கத்தில் இருக்கும்போது போன் மிகக் குறைந்த சக்தியில் பேசும்; தூரமானால் 200 மில்லிவாட் உச்சம் வரை ஏற்றும், அதற்கு ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலிருந்து எடுப்பது அதைப் போலப் பல மடங்கு. எல்லையில் இருக்கிறவர்கள் வழக்கமாக ஆளுக்கு ஒரு தமிழ்நாட்டு சிம், ஒரு கேரள சிம் வைத்திருப்பார்கள். இரண்டும் தனித்தனியே டவர் தேடும். அதனால் இரண்டு ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். முதல் ராத்திரி 10 மணிக்கு 100 சார்ஜோடு ஃப்ளைட் மோடில் வைத்து, காலை 6-க்குப் பாருங்கள். 2 முதல் 4 சதவீதம் இறங்கினால் இயல்பு. 10-க்கு மேல் இறங்கினால் ஏதோ ஆப் விழித்திருக்கிறது, அல்லது போர்டில் கசிவு. அப்போது பேட்டரி மட்டும் மாற்றினால் தீராது. இரண்டாம் ராத்திரி இரண்டு சிம்மும் போட்டு, வைஃபை இல்லாமல், அதே இடத்தில். முதல் ராத்திரியைவிட எவ்வளவு கூடுதலாக இறங்கியதோ, அது பெரும்பாலும் டவருக்குப் போனது.

டவர்தான் தின்கிறது என்றால் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலைக்குள் டிபிஎம் எண்ணை, அதாவது சிக்னலின் வலுவைப் பாருங்கள். மைனஸ் 85, 90 நல்லது. மைனஸ் 110-க்குக் கீழே போனால் போராட்டம். 5ஜி அங்கே மங்கலாக வந்து வந்து போனால் அந்த சிம்மை 4ஜிக்கு மாற்றி வையுங்கள். 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வரும் 5ஜி மலை மறைவில் சீக்கிரம் செத்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ்தான் வளைந்து நெளிந்து வரும். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங் போடுங்கள். எல்லை தாண்டியதும் நெட் நிற்கிறது என்றால் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா பாருங்கள். நாட்டுக்குள் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் சில போன்கள் வட்டம் மாறினாலே ரோமிங் என்று எடுத்துக்கொள்ளும். பேண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை: பிஎஸ்என்எல் 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. தோட்டப் பகுதியில் அதுதான் கிடைக்கும் என்றால், போனின் 4ஜி பட்டியலில் பேண்ட் 28 (அந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை) இருக்கிறதா என்பது எந்த சிப் என்பதைவிட முக்கியம். 2021 போன்கள் பலவற்றில் 4ஜிக்கு அது இல்லை. புது போன் வாங்க அது ஒரு நேர்மையான காரணம்.

பேட்டரி மாற்றுவதைப் பற்றி. இந்த விலைப் போன்களுக்குப் பொதுவாக ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்குப் பேட்டரி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெளிக் கடை என்றால் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாடல் எண் பழைய பேட்டரியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்த தேதி பாருங்கள்: 2021-ல் செய்து நாலு வருஷம் டப்பாவில் கிடந்த பேட்டரி, ஓடாமலே கிழடாகியிருக்கும். பிறகு எடை. 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் 19 வாட் அவர் சொச்சம், எடை ஏறக்குறைய 70 கிராம் வரும். உங்கள் ஸ்டோரில் சாம்பிள் நிறுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள். 50 கிராமுக்குக் கீழே காட்டினால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே அவ்வளவு சரக்கு இல்லை. 6000 என்று எழுதி அதே அளவில் தந்தால் வாங்கவே வேண்டாம்.

மாற்றும்போது கூடவே நில்லுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் என்றால் லேசாகச் சூடுகாட்டி, பிளாஸ்டிக் பிக்கால் ஓரம் ஓரமாகக் கிளிப்பை விடுவிப்பார்கள். ஸ்க்ரூ கழற்றியதும் முதலில் பேட்டரி கனெக்டரைத்தான் எடுக்க வேண்டும். பழைய பேட்டரியை இழுநாடா பிடித்து இழுப்பார்கள். நாடா அறுந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை அடியில் விட்டு நெம்பத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். செல் மடங்கினால் தீப்பிடிக்கும். அடியில் ஓடும் டிஸ்ப்ளே ரிப்பன் அறுந்தால் காம்போ (டிஸ்ப்ளேவும் டச்சும் சேர்ந்த பாகம்) முழுக்க மாற்ற வேண்டிவரும், அங்கேதான் ஆயிரம் ரூபாய் வேலை ஐயாயிரமாகிறது. சார்ஜ் பின் ஆடினால் அது பொருந்தியிருக்கும் சிறு போர்டான சிசி போர்டையும் அப்போதே மாற்றிவிடலாம், தனியாகத் திறக்க வேண்டியதில்லை. மூடுவதற்கு முன் டிஸ்ப்ளே, ஸ்பீக்கர், கைரேகை, சார்ஜ் எல்லாம் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு சுற்று 10 வரை இறக்கி 100 வரை ஏற்றினால் போன் புதுப் பேட்டரியின் அளவைக் கற்றுக்கொள்ளும். பிறகு 80 வரை மட்டும் ஏற்றும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். கம்பத்து வெயிலில் பைக்கில் வைத்தபடி சார்ஜ் போடுவதை விட்டுவிடுங்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழு சார்ஜும் சேர்ந்து இருப்பதுதான் விஷம். மாற்றுவதற்கு முன்பே முதுகு உப்பியிருந்தால் மட்டும், இன்றிலிருந்து சார்ஜ் போடாதீர்கள்.

இவ்வளவு சொல்லியும் ஒரே ஒரு இடத்தில் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கலாம்: பாதுகாப்பு அப்டேட். 2021-ன் மலிவு போன்களுக்கு இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்பும் மூன்று, நாலு வருஷப் பாதுகாப்பு பேட்சும்தான் பெரும்பாலும் வாக்கு. ஆண்ட்ராய்டு பதிப்பு என்ற பகுதியில் பாதுகாப்பு பேட்ச் தேதி ஒரு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால், அந்தப் போனில் யுபிஐ வழியாகப் பெரிய தொகை ஓட்டுவதை நான் விரும்பமாட்டேன். போன் உடனே திருடப்படும் என்று பொருளில்லை. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கின்றன என்று பொருள். பேட்டரியை மாற்றிக்கொண்டு, ஏல வியாபாரக் கணக்கு இருக்கும் வங்கியை மட்டும் வேறு போனுக்கு நகர்த்துவது ஒரு வழி. ஓடுவது சில்லறைத் தொகைதான் என்றால், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே (ஆப் கோப்பு) எதையும் ஏற்றாமல் இன்னும் ஒன்றரை வருஷம் ஓட்டலாம்.

அதனால் எத்தனை வருஷம் என்பதை வாங்கும் நாளே முடிவு செய்துவிடலாம்: எத்தனை வருஷ அப்டேட் தருகிறார்களோ அத்தனை வருஷம், நடுவில் ஒரு பேட்டரி. 2023-ல் கூகுள் பிக்சல் 8-க்கும், 2024-ல் சாம்சங் எஸ்24-க்கும் 7 வருஷம் என்றார்கள். மலிவு வரிசையிலும் சாம்சங் ஏ16 5ஜி 6 வருஷ வாக்கோடு வந்தது. பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்ற முடிந்தால் ஏ76-ஐ விட்டு ஏ78, ஏ715 கோர் உள்ள சிப்பைத் தேடுங்கள். 4 நானோமீட்டர் டைமென்சிட்டி 7200 அப்படி ஒன்று. ஏ76-லேயே நின்றால் உங்கள் போனையே வேறு சட்டையில் வாங்குகிறீர்கள். பேட்டரியில் இப்போது 6000, 7000 எம்ஏஎச் வருவது சிலிக்கான் கார்பன் நுட்பத்தால். நேர்மின் பக்கத்தில் வந்த மாற்றம் இல்லை இது, கிராஃபைட் இருந்த இடத்தில் சிலிக்கான் கலந்தது. ஒரே எடையில் சிலிக்கான் பல மடங்கு லித்தியத்தைப் பிடிக்கும், ஆனால் சார்ஜ் ஏற ஏற உப்பும். அந்த உப்பலை எப்படி அடக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. புதிதில் சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும் என்பது நிச்சயம். நாலாவது வருஷமும் அப்படியே நிற்குமா என்பதற்கு, நாலு வருஷம் ஓடிய போன்கள் இன்னும் போதுமான அளவு இல்லை. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு மாடலின் லேபிளிலும் சைக்கிள் எண்ணிக்கை அச்சாகிறது. நமக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் லேபிளை யாரும் பார்க்கலாம். இங்கே விற்கும் மாடலில் பேட்டரி வேறாக இருக்கக்கூடும், எம்ஏஎச் ஒன்றுதானா என்று மட்டும் ஒத்துப்பாருங்கள்.

பழைய மேல்ரகப் போன் ஒன்று கைமாற்றாகக் கிடைத்தாலும் யோசிக்கலாம், பதினைந்தாயிரத்துக்குப் புதுசைவிட அதில் சிப்பும் கேமராவும் உறுதியாக மேலாக இருக்கும். அப்டேட் இன்னும் மூன்று வருஷமாவது மிச்சம் இருக்க வேண்டும், பேட்டரிச் செலவை விலையிலேயே கழித்துப் பேச வேண்டும். காசு கொடுப்பதற்கு முன் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தி வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். கேரளாவில் தொலைந்த போன் கம்பத்திலும், கம்பத்தில் தொலைந்தது குமுளியிலும் விலைக்கு வரலாம், முடக்கப்பட்ட எண்ணாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு ராத்திரிச் சோதனையில் வந்த எண்களையும் பாதுகாப்பு பேட்ச் தேதியையும் இங்கே எழுதுங்கள்; போர்டில் கசிவா, டவரா, பேட்டரியா என்று அதை வைத்து இன்னும் நெருக்கிச் சொல்ல முடியும்.